தவிட்டின் முன்னங்கால்

தனபாலன் முதலாளியின் இடுப்பு வலி, ஐஸ் கம்பெனிக் கதவு திறந்ததுமே முத்துப்பேச்சியின் இடுப்புக்கு வந்துவிடும். அவர் எழுந்து நின்று சோம்பல் முறிப்பார். இவள் சுவரோரப் பலகையில் கோணிக்கொண்டு உட்காருவாள். அதுதான் வேலை. முன்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவள். எந்திரக் கைகள் வந்த பிறகு மூட்டைக்கு ஆள் தேவைப்படவில்லை. வலி தூக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. அவள் தெருவில் பாதிப்பேர் இப்போது வலிக்கூலிகள்.

நோவுள்ளவரின் காதுக்குப் பின்னால் மிளகு போல ஒரு கொடுமணி. கூலிக்காரரின் கழுத்தில் ஓர் ஏற்புப்பட்டை. மணியைப் பட்டையில் ஒருமுறை தொட்டு எடுத்தால் போதும், அங்கே கிளம்புகிற நோவு இங்கே இறங்கும். வலியை அழிக்க எவனாலும் முடியவில்லை, இடம் மாற்றத்தான் முடிந்தது. பட்டையைக் கழற்றி வைத்தால், அதில் வருவதெல்லாம் அதற்கு உடைமைக்காரரான முதலாளிக்கே போய்ச் சேரும். படுத்துவிட்டால் தனபாலனுக்கு நோவு கிடையாது. அதனால் ராத்திரி அவளுக்கு ஓய்வு.

வலி மாத்திரை செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆள் மலிவாகக் கிடைக்கும்போது மாத்திரை எதற்கு?

அது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று கால்நடை ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு உறைத்தது. அவள் வளர்க்கும் நாய் தவிடு மடியில் கிடந்தது. தவிட்டு நிறம், அதனால் அந்தப் பெயர். இடது முன்னங்கால் மூட்டுக்கு மேலே வீங்கி, தரையில் ஊன்ற மாட்டாமல் தூக்கியே வைத்திருந்தது.

"எலும்புல புத்துநோய்ம்மா. நெஞ்சுக்கும் பரவிடுச்சு. இனி குணமாகாது" என்றார் டாக்டரம்மா.

"வலிக்காவது எதாச்சும் குடுங்க."

"மருந்தே வர்றதில்லயே. யாராவது வாங்கிக்கணும்."

"நான் வாங்கிக்கிடுதேன்."

"நீங்க ஏற்கெனவே ஒருத்தருக்குத் தாங்குறீங்க. ஒரு உடம்புக்கு ஒரு நோவுதான்னு சட்டம். வேணும்னா ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம்."

"சோறு வைக்கச் சொல்லி இன்னும் தட்ட உருட்டுதும்மா அது. அதுக்குள்ள சாவடிக்கணுமா?"

டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பேச்சி நேரே முதலாளியிடம் போனாள். "உங்க நோவ வேற ஆளுக்குக் கொஞ்ச நாளைக்கு மாத்திக்கிடுங்க மொதலாளி. எங்க நாய்க்குப் புத்துநோய். அது போற வரைக்கும் நான் அதோட நோவ வாங்கிக்கிடணும்."

தனபாலன் சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை. வேடிக்கையான சங்கதியைக் கேட்ட சிரிப்பு. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"புள்ளைக்குன்னா சரி. நாய்க்கா? புது ஆளு வச்சா வலி ரெண்டு நாளு கசியும். எனக்கு உன் இடுப்புத்தான் செட்டாகியிருக்கு."

கணக்குப்பிள்ளை தன் பங்குக்கு, "நாயக் கூட்டியாந்து நம்ம ஐஸ் ரூம்ல போட்டா மரத்துப் போயிருமே" என்றான். இருவரும் அதற்கும் சிரித்தார்கள்.

மேசைமேல் உபரிக் கொடுமணிகள் ஒரு டப்பாவில் கிடந்தன. அன்று சாயங்காலம் அதில் ஒன்று பேச்சியின் முந்தானை முடிச்சுக்குள் போயிற்று.

வீட்டுக்கு வந்து அதைத் தவிட்டின் காதுக்குப் பின்னால் ஒட்டி, தன் பட்டையில் ஒரு தொடு தொட்டாள்.

இடது கை முழங்கைக்கு மேலே எலும்புக்குள் காய்ச்சிய கம்பியை விட்டுத் திருகினாற்போல இருந்தது. மூட்டைக்காரி, எத்தனையோ பேர் நோவைச் சுமந்தவள், வாயில் சேலையைத் திணித்துக்கொண்டாள். இதை வைத்துக்கொண்டா இத்தனை நாளும் என்னைக் கண்டதும் வாலாட்டினாய் என்று நினைத்தபோது, வலியைவிடக் கோபம்தான் கூடுதலாக வந்தது. யார்மேல் என்று இல்லை. எல்லார்மேலும்.

தவிடு தூக்கியே வைத்திருந்த காலை மெல்லக் கீழே இறக்கியது. ஊன்றிப் பார்த்தது. பிறகு ஒரே ஓட்டமாக வாசலைத் தாண்டிற்று.

காலையில் இரண்டு நோவோடும் கம்பெனிக்குப் போனாள். தனபாலன் குனிந்து நிமிர்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "நாய் எப்படியிருக்கு? பொழச்சிக் கெடக்கா?" என்று கேட்டார்.

பேச்சி பட்டையைக் கழற்றி அவர் நாற்காலிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் மாட்டினாள்.

"நீங்களே கேட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை அவர் கூப்பாடு கேட்டது. இடுப்பு என்று ஒருமுறை. கை, கை என்று பலமுறை. அவள் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நடந்ததில்லை.

அன்றும் மறுநாளும் தவிடு தெருவையே கலக்கியது. கோழி விரட்டியது, ஆட்டோவோடு பந்தயம் ஓடியது. சாகப்போகிற நாயென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் தங்கச்சி இசக்கி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். கழுத்தில் புதுப் பட்டை. இடது கையை மார்போடு மடக்கித் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"யக்கா, எனக்கும் வேல கெடச்சிட்டு. ஒன் எடத்துக்கு ரெண்டு ஆளு எடுத்தாவ. இடுப்புக்கு நம்ம தெரு வேம்பு, கைக்கு நான். இந்தக் கை வலி படுத்தாலும் போகலயாம், அதான் ராத்திரிக்கும் சேத்து மாட்டிவிட்டாவ. மூணு ஆஸ்பத்திரில படம் புடிச்சாச்சாம். கையில ஒண்ணுமே இல்லயாம். பணக்காரன் சீக்கப் பாரு, எடமே இல்லாம வலிக்கி."

தெருவில் தவிடு பாய்ந்தது. இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். தவிடு நின்றது. இசக்கி மூச்சு விட்டாள். தவிடு மறுபடி பாய்ந்தது. இசக்கியின் முகம் மறுபடி வெளுத்தது.

பேச்சி ஓடிப்போய் நாயைக் கட்டிப்பிடித்தாள். விரல் தானாகக் காதுக்குப் பின்னால் போய் மணியைத் தொட்டது. பிடுங்கினால் அந்தக் கம்பி திரும்ப இதன் எலும்புக்குள் போகும்.

"ஏட்டி, பட்டையக் கழத்து. அவருக்கே போவட்டும்."

"எதுக்கு? நீதான் கோவத்துல வேலைய விட்டுட்ட. நானும் விட்டா உலை எப்படிக் கொதிக்கும்? நான் கழத்துனா எதுத்த வீட்டுச் செல்லத்தாய் மாட்டிக்கிடுவா. நேத்தே வந்து கேட்டுட்டுப் போயிருக்கா."

செல்லத்தாய்க்குக் கைக்குழந்தை. பேச்சி எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள். விட்டு வந்தவளை இனிக் கம்பெனிப் படியேற விடமாட்டார்கள்; ஆணியில் மாட்டியதை அவளால் திரும்ப எடுக்கவும் முடியாது. கொடியில் கிடந்த கயிற்றை உருவி, நாயின் கழுத்தில் ஒரு முனையையும் வாசல் தூணில் மறு முனையையும் கட்டினாள். ஓட வழியில்லாமல், படுக்க மட்டும் இடம் விட்டு.

இசக்கியின் கை கொஞ்சம் இறங்கியது. முகத்தில் ரத்தம் திரும்பியது.

"இப்பம் பரவால்லக்கா" என்றாள். தவிட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. "அதை ஏன் கட்டுத? சாவப்போற சீவன், ரெண்டு நாளாத்தான் சந்தோசமா ஓடுது. அவுத்து விடு."

தவிடு கயிற்றை இழுத்துப் பார்த்தது. வலி எதுவும் தெரியாத அந்தக் காலால் தரையைப் பிறாண்டியது. பிறகு பேச்சியை நிமிர்ந்து பார்த்தது.

பேச்சி முடிச்சை இன்னும் இறுக்கினாள். அவள் வளர்த்த நாய், முதல் தடவையாக, அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது.