ஏரிக் குடிலில் ஒரு தமிழ்ப் பக்கம்

"ஏரிக் குடிலில் இருக்கிற புத்தகத்தில் உங்கள் மொழி எழுத்து இருக்கிறது."

ஹில்டூர் இதைச் சொன்னபோது யோகமலரின் கத்தி ஒரு கொட் மீனின் முதுகெலும்பில் பாதி வழியில் நின்றது. இருவரும் அந்த வடநோர்வே மீன் தொழிற்சாலையில் ஒரே மேசையில் நின்று மீன் அறுப்பவர்கள். ஹில்டூர் அந்த ஊர்க்காரி, ஐம்பது வயது, தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

"எந்தக் குடில்?" என்று யோகமலர் தனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

"மேட்டுநிலத்தில், நீள ஏரிக்கரையில். போன வாரம் காட்டுக்கோழி சுடப் போனேன். அங்கே தங்குகிறவர்கள் பெயர் எழுதும் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க வட்டம் வட்டமான எழுத்து. நீ சாப்பாட்டு நேரத்தில் கடிதம் எழுதுவாயே, அதே எழுத்து."

"ஏன் கொண்டுவரவில்லை?"

"அது குடிலின் புத்தகம். அங்கேதான் இருக்கும். நீ வருவதென்றால் கூட்டிக்கொண்டு போகிறேன்."

ஒரு வருடத்துக்கு முன், பெப்ரவரி மாதத்தில், யோகமலரின் கணவன் திருச்செல்வம் அந்த ஏரிக்கரையில்தான் இறந்துகிடந்தான். வடக்கு வானில் இரவில் ஆடும் துருவ ஒளியைப் படம் எடுக்கப் போகிறேன் என்று தனியாகப் போனவனை ஐந்தாம் நாள் பனிக்கு அடியிலிருந்து தோண்டியெடுத்தார்கள். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து அவனிடம் வந்து சேர்ந்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. குளிரில் இறந்திருக்கிறான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆனால் தொழிற்சாலைத் தமிழர்களுக்குள் மூத்தவரான சிவகுரு வேறு கதை சொன்னார். "வெளிச்சம் பாக்கப் போனவன் ஏன் கதகதப்பான குடிலை விட்டிட்டு ஏரியில போய்ப் படுத்தவன்? சாகவெண்டே போயிருக்கிறான்." அந்தக் கதை கடிதம் ஏறி ஊருக்கும் போய், மாமியாரின் காதிலும் விழுந்துவிட்டது.

யோகமலர் அதை மறுத்துப் பேசியதே இல்லை. மறுக்க அவளால் முடியவில்லை. அவன் புறப்பட்ட காலையில் அவள் சொன்ன ஒரு வார்த்தையை இன்றுவரை யாரிடமும் அவள் சொல்லவில்லை. அவள் வந்த மூன்று வாரமும் வானம் மூடிக் கிடந்தது. அதற்குப் பிறகு வானம் திறந்த இரவுகளில் எல்லாம் அவள் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தாள். அந்த ஒளியை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க விரும்பவும் இல்லை.

விஷயத்தைக் கேட்டதும் குகதாசனின் முகம் கறுத்துவிட்டது. அவன் திருச்செல்வத்தின் தம்பி, அதே ஊரில் மீன்பிடிப் படகில் வேலை.

"அண்ணாவை விழுங்கின இடத்துக்கு நீங்களும் போகவேணுமே, அண்ணி?"

"போகாமல் இஞ்ச இருந்து நான் என்ன செய்யிறன், தம்பி? அவர் கடைசியா எழுதினதை வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள் இந்தப் பக்கத்தில நாங்கள்தானே."

அவன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினான். பிறகு அலுமாரிக்கு மேலிருந்த அண்ணனின் கமெராவை எடுத்துத் தூசி தட்டினான். பொலிஸ் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. "இதுக்குள்ள பிலிம் றோல் அப்பிடியே கிடக்கு. பதினெட்டுப் படம் எடுத்திருக்கிறார். இதையும் கொண்டுபோவம்."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கிழக்கு மெல்ல வெளுக்கும்போது, மூவரும் புறப்பட்டார்கள். ஹில்டூர் பனி ஸ்கூட்டரை ஓட்டினாள். பின்னால் கட்டியிருந்த சறுக்குவண்டியில் கலைமான் தோலைப் போர்த்திக்கொண்டு மற்ற இருவரும் இருந்தார்கள். ஞாயிறு மதியத்துக்குள் திரும்பாவிட்டால் தேடிவரும்படி ஹில்டூர் தன் சகோதரனிடம் சொல்லி வைத்திருந்தாள். மேட்டுநிலத்தில் மரம் இல்லை, வீடு இல்லை. பாதையைக் காட்ட ஐம்பது அடிக்கு ஒன்றாக நட்டிருந்த சிவப்புத் தலைக் கம்புகள் மட்டும் இருந்தன.

பதினொரு மணிக்குக் காற்று எழும்பியது. பன்னிரண்டு மணிக்கு வானமும் நிலமும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிட்டன. ஏரியின் மேல் இறங்கிக் கொஞ்சத்தூரம் போயிருப்பார்கள், ஸ்கூட்டரின் மூக்கு தடாலென்று கீழே போனது. பனிப்படைக்கும் ஐஸுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. ஹில்டூர் முழங்காலுக்கு மேல் அந்தச் சேற்றுப்பனிக்குள் நின்றாள். குகதாசன் அவளை இழுத்து எடுப்பதற்குள் சப்பாத்து இரண்டும் நிரம்பிவிட்டன. ஸ்கூட்டர் இருமி அடங்கியது.

"குடில் அரைக் கிலோமீட்டர். நடக்க வேண்டும்," என்றாள் ஹில்டூர். பத்து அடி நடந்ததும், "என் கால் எனக்குத் தெரியவில்லை," என்றாள்.

அவளைச் சறுக்குவண்டியில் ஏற்றித் தோலால் சுற்றி, இருவரும் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். காற்று முகத்தில் மணலாய் அறைந்தது. பதினைந்து கம்பு வரை எண்ணிக்கொண்டு போனார்கள். பதினாறாவது கம்பு இல்லை. முன்னால் போனார்கள், இல்லை. திரும்பிப் பார்த்தால் தங்கள் கால் தடமும் இல்லை.

குகதாசன் பனியில் குந்திவிட்டான். "அண்ணி, என்னால ஏலாது. அண்ணாவும் இப்பிடித்தான் முடிஞ்சிருப்பார்."

யோகமலருக்கும் பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தால் எல்லாம் முடிந்துவிடும். அது அவ்வளவு மோசமான காரியமாகவும் அந்த நேரம் தெரியவில்லை. ஆனால் வண்டியில் ஹில்டூர் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளை இங்கே கூட்டிவந்தது ஒரு காகிதத்துக்காக.

"நீர் இதில இரும். கயிற்றை விடாதையும்," என்று வண்டியில் கிடந்த நீளக் கயிற்றின் ஒரு நுனியைக் குகதாசனின் கையில் சுற்றினாள். மறு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு, கயிறு இழுபடும் மட்டும் நேரே நடந்தாள். கைகளை விரித்துக் காற்றைத் துழாவினாள். ஒன்றும் இல்லை. கயிற்றைப் பிடித்துத் திரும்பிவந்து, வலப்பக்கம் போனாள். ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை இடப்பக்கம் போனபோது அவள் முழங்கை எதிலோ அடிபட்டது. கம்பு. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கயிற்றை மூன்று தரம் இழுத்தாள். குகதாசன் எழும்பி, அந்தக் கயிற்றைப் பிடித்தபடி வண்டியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அடுத்த கம்புக்கும் அப்படித்தான், அதற்கடுத்த கம்புக்கும் அப்படித்தான். இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் குடிலின் மரச்சுவரில் அவள் நெற்றி மோதியது.

ஒரு அறை, ஒரு இரும்பு அடுப்பு, இரண்டு படுக்கை. நெருப்பு மூட்டி ஹில்டூரின் காலுறையைக் கழற்றியபோது விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. ஹில்டூர் சொன்னபடி, குகதாசன் சட்டையைத் தூக்கி அந்தப் பாதங்களைத் தன் வெறும் வயிற்றில் வைத்து அணைத்துக்கொண்டான். குளிரில் அவன் பற்கள் கிட்டின. அதனால் புத்தகத்தைத் தட்டிலிருந்து எடுத்துத் திறந்தபோது யோகமலருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

கணவனின் கையெழுத்து வலப்பக்கம் சரிந்து ஓடியது.

'முதல் நாள். முகில். இரண்டாம் நாள். முகில். விறகு முடியப் போகுது. யோகம் கோவத்தில இருக்கிறாள். அவள் சொன்னது சரி. இந்த இருட்டுக்குள்ள அவளைக் கொண்டுவந்து போட்டது என்ர பிழை. இந்த ஊரில வடிவான சாமான் எண்டு இருக்கிறது அந்த வெளிச்சம் ஒண்டுதான். ஒரு படமாவது கொண்டுபோய்க் காட்டினால் கொஞ்சம் ஆறுவாள். நாலரை மணி. ஏரிப் பக்கம் வானம் திறக்குது. போறன்.'

அவ்வளவுதான். அவள் மூன்று தரம் வாசித்தாள். பிறகு குகதாசனுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தாள். அதன் பிறகு, ஒரு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்ததையும் சொன்னாள்.

"போற அண்டைக்கு நான் அவரைப் 'போய்த் துலையுங்கோ' எண்டு சொன்னனான், தம்பி. வாசலில வைச்சு. அதுதான் நான் அவரோட கதைச்ச கடைசிக் கதை."

குகதாசன் ஹில்டூரின் பாதங்களை இன்னும் இறுக்கி அணைத்தான். "ஆர் என்ன சொன்னாலும் அண்ணா போகாமல் நிண்டிருக்க மாட்டார்," என்றான்.

சாவதற்காகப் போகவில்லை. அது தெரிந்துவிட்டது. தன்னை ஆற்றுவதற்காகப் போனான் என்பதும் தெரிந்துவிட்டது. எது அதிகக் கனம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. படுக்கை விளிம்பில் அப்படியே இருந்தாள்.

ஆறு மணிபோல் காற்று நின்றது. விறகு எடுக்க வெளியே போன குகதாசன் கதவைத் திறந்தபடி அசையாமல் நின்றான்.

"அண்ணி. வந்து பாருங்கோ."

"எனக்குத் தேவையில்லை."

"அண்ணி—"

"சூடு முழுக்கப் போகிறது," என்றாள் ஹில்டூர் படுக்கையிலிருந்து. "யாராவது வெளியே போங்கள், இல்லை உள்ளே வாருங்கள். கதவை மூடுங்கள்."

யோகமலர் எழுந்து வெளியே போய்க் கதவை மூடினாள்.

முதலில் அது வெளுத்த முகில் போலத்தான் தெரிந்தது. பிறகு அந்த முகில் பச்சையாகி, ஏரியின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நீண்டு, மடிந்து, தொங்கி, காற்றே இல்லாத இடத்தில் காற்றடித்ததுபோல் ஆடியது. கீழ் விளிம்பில் ஒரு கணம் இளஞ்சிவப்பு ஓடி மறைந்தது. சத்தம் துளியும் இல்லை. பனி முழுவதும் பச்சை பூத்துக் கிடந்தது. அது அழகில்லாமல் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். ஒரு மனிதன் உயிரைக் கொடுக்க எதுவுமே அங்கே இல்லை என்று சொல்லித் திட்டியிருக்கலாம். அப்படிச் சொல்ல முடியவில்லை. வாய்விட்டு அழுதாள். கண்ணீர் இமையிலேயே உறைந்து ஒட்டிக்கொண்டது.

"கமெரா எங்க?" என்று கேட்டாள்.

அவசரத்தில் குகதாசன் அதைச் சறுக்குவண்டியிலேயே விட்டிருந்தான். நல்லகாலம். உள்ளே சூட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி வெளியே எடுத்திருந்தால் கண்ணாடியில் நீர் படிந்து உறைந்திருக்கும். பனியைக் குவித்து, இறுக்கி, அதன்மேல் கமெராவை ஊன்றினார்கள்.

"வேகச் சில்லை 'பி'யில வைச்சு அமத்திப் பிடிச்சு இருபது எண்ணவேணும். அண்ணா சொல்லித் தந்தவர்," என்றான் குகதாசன்.

கையுறையோடு பொத்தானை அமத்த முடியவில்லை. அவள் அதைக் கழற்றி வீசினாள். ஒன்று, இரண்டு, மூன்று... கமெராவின் குளிர்ந்த இரும்பு விரலைச் சுட்டது. இருபது வந்ததும் பிலிமை நகர்த்தும் நெம்பை மெதுவாக, மிக மெதுவாக இழுத்தாள். இரண்டாவது படம். மூன்றாவது படம். "நீர் அந்த வாசலில போய் நில்லும், தம்பி. ஆடக்கூடாது." நான்காவது படம். ஐந்தாவதற்கு நெம்பை இழுத்தபோது உள்ளே 'டக்' என்றது. நெம்பு எதிர்ப்பில்லாமல் சுழன்றது. குளிரில் விறைத்த பிலிம் அறுந்துவிட்டது.

"எல்லாம் போச்சோ?" என்றான் அவன்.

அவள் வீசிய கையுறையைத் தேடி எடுத்துப் போட்டாள். ஒளி மங்கும் மட்டும் இருவரும் அங்கேயே நின்றார்கள்.

மறுநாள் பிற்பகல் ஹில்டூரின் சகோதரன் இரண்டு ஸ்கூட்டர்களோடு வந்து சேர்ந்தான். ஹில்டூருக்கு இடக்காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. யோகமலர் ஆஸ்பத்திரிக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது, "இன்னும் எட்டு இருக்கிறது," என்று மட்டும் சொன்னாள்.

பட்டணத்துப் படக் கடைக்காரர் கமெராவை இருட்டறையில் திறந்து, அறுந்த பிலிமைத் துண்டாகவே எடுத்துக் கழுவினார். மூன்று வாரம் கழித்துப் படங்கள் உள்ள உறை வந்தது. முதல் பதினாறு படமும் அவளுடையவை. விமான நிலையத்தில் அவள், பெரிய கோட்டுக்குள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்ட அவள். பதினேழாவது முழுக் கறுப்பு. பதினெட்டாவதில் ஏரி, அதன் மேலே கை நடுக்கத்தில் இழுபட்ட பச்சைக் கோடு ஒன்று. பிறகு அவள் எடுத்தவை நான்கு. அவற்றில் இரண்டு மங்கல். ஒன்றில் வானம் முழுக்கப் பச்சைத் திரை. கடைசிப் படத்தில் அதன் கீழே குடில் வாசலில் குகதாசன், ஒரு கறுத்தப் புள்ளி.

அவள் பதினெட்டாவது படத்தை விளக்குக்குக் கீழே நெடுநேரம் வைத்திருந்தாள். அவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறான். அவள் சொன்ன வார்த்தை சொன்னதுதான். அதை எந்தப் படமும் அழிக்காது. அந்த இரவு அவள் மாமியாருக்கு ஒரு கடிதம் எழுதினாள். குடிலில் வாசித்ததை வரிக்கு வரி எழுதினாள். தான் சொன்னதையும் மறைக்காமல் எழுதினாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், தமிழர்கள் கூடியிருக்கும் மேசைக்குப் போனாள். சிவகுரு மீன் வேலையிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்.

"இது அவர் எடுத்தது. கடைசிப் படம்," என்று அவருக்கு முன்னால் வைத்தாள்.

சிவகுரு கழுத்தை நீட்டி அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தார். படத்தை எடுத்துப் பார்க்க மெதுவாகக் கையை நீட்டினார்.

"கையைத் துடைச்சிட்டுத் தொடுங்கோ, அண்ணை," என்றாள் யோகமலர்.

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார்.