வால் பார்க்கும் திசை

அந்தத் துளி மட்டும் ஸ்ரெல்லா விட்டதில்லை.

மற்றவை எல்லாம் அவள் கையால் விழுந்தவை. காலையில் இறைச்சிக்கடையில் கெஞ்சி வாங்கிய ஆட்டிரத்தத்தை, உறையாமலிருக்க மருந்து கலந்து போத்தலில் அடைத்து வந்து, அப்பாவின் வலையறைச் சுவரோடு சாய்த்த காகித மட்டைகளில் சொட்டியும் உதறியும் விட்டிருந்தாள். ஆனால் மட்டைகளுக்கு மேலே, விடாத கார்த்திகை மழையில் ஊறிச் சுண்ணாம்பு பொருக்காக உதிர்ந்த இடத்தில், புளியங்கொட்டை நிறத்தில் இன்னொரு துளி இருந்தது. நீண்ட துளி. அதன் வால் மேலே பார்த்தது.

யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்கிற பிள்ளை அவள். சிந்திய இரத்தத்தின் வடிவத்தைப் பார்த்து நடந்ததைச் சொல்ல முடியுமா என்று சட்ட மருத்துவத்துக்கு ஓர் ஆய்வு செய்யப் போகிறாள். திங்கட்கிழமை அதன் திட்டத்தை பேராசிரியர் நாகலிங்கம் சேரிடம் கொடுக்கவேண்டும். சண்டைக்காலம். கரண்ட் இல்லை, வேண்டிய புத்தகம் இல்லை, மண்ணெண்ணெய் பவுண் விலை. பாசையூர் வீட்டில் ஓர் அறையாவது சும்மா கிடக்கிறதே என்றுதான் வேலையை இங்கே கொண்டுவந்தாள். பாடம் என்னவோ சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். நிற்கிற ஆளிலிருந்து தரையில் விழுந்த துளி வட்டம். நடக்கிற ஆளிலிருந்து விழுந்தால் அது நீளும். வால், ஆள் போகிற பக்கம் பார்க்கும். சுவரில் தெறித்த துளிகளென்றால் வந்த வழியே பின்னோக்கி நூல் கட்டவேண்டும். நூல்கள் கூடுகிற இடத்தில்தான் அடி விழுந்திருக்கும்.

பேனாக்கத்தியின் நுனியால் சுண்ணாம்பை மெல்ல நெம்பினாள். அடை அடையாகக் கழன்றது. உள்ளே இன்னொரு துளி. பக்கத்தில் இன்னொன்று.

"என்ன பிள்ளை சுரண்டுறாய்?" குசினி அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஒண்டுமில்லையம்மா. படிக்கிறன்."

"சுவரிலை கை வைக்காதை. நத்தார்ப் பண்டிகைக்கு நான் வெள்ளை அடிக்கவேணும்."

ஓம் என்று சொல்லிவிட்டு ஸ்ரெல்லா அப்படியே நின்றாள். முன்விறாந்தைக்கு வெள்ளை அடிக்காத வருசம் உண்டு. சுண்ணாம்பே கிடைக்காத வருசமும் உண்டு. யாரும் கால் வைக்காத இந்த வலையறைக்கு மட்டும் அம்மா எங்கிருந்தோ கொஞ்சம் தேடிக் கொண்டுவந்து, வேறு யாரையும் விடாமல், தானே அடிப்பாள். அப்பாவின் ஞாபகமாக்கும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்.

அப்பா சிமியோன் கடலுக்குப் போய் வராமல் போனபோது ஸ்ரெல்லா கன்னியர்மடத்து விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள். வள்ளம் மட்டும் வெறுமையாகக் கரை ஒதுங்கியது. நேவி சுட்டிருப்பான் என்றார்கள். ஊர் கூடி அழுதது. அந்த நாட்களில், என்ரை மனுசன் கடலுக்குப் போனவர், இன்னும் வரேல்லை என்று ஒரு பெண் சொன்னால் யார்தான் துருவிக் கேட்பார்கள்? அன்றிலிருந்து அம்மா அற்புதராணி இரவுக்கிரவு அப்பாவின் பீங்கானில் சோறு போட்டு மூடிவைக்கிறாள். அவர் வருவதற்காகச் செபமாலை சொல்கிறாள்.

அவள் தொடர்ந்து சுரண்டினாள். நிறுத்தச் சொன்னது மனம், கை கேட்கவில்லை. ஈரச் சுண்ணாம்பின் மணத்தோடு போத்தலின் வாயில் ஒட்டியிருந்த ஆட்டிரத்தத்தின் வெடுக்கும், மூலையில் குவிந்து கிடந்த பழைய வலையின் பாசி நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறின. கூரையில் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க விசிறிபோலத் துளிகள் விரிந்தன.

அப்பாவின் பெட்டியில் தூண்டிலுக்கு வைத்த தங்கூசி நூல் அப்படியே இருந்தது. ஒரு நுனியைத் துளியில் பிளாஸ்டரால் ஒட்டி, வந்த வழியே இழுத்து, மறுநுனியை எதிர்ச்சுவரின் யன்னல் கம்பியிலும் மரப்பலகை வாங்கின் காலிலும் கட்டினாள். ஒவ்வொரு நூலும் விண்ணென்று நின்றது. எல்லாம் ஒரே இடத்தைத் தொட்டுக்கொண்டு போயின. வாங்குக்கு மேலே. வலை பொத்துகிற மனிதன் குனிந்திருந்தால் தலை இருக்கிற உயரத்தில்.

அப்பா வலை பொத்த அந்த வாங்கில்தான் குந்தியிருப்பார்.

ஒரு நூல் மிச்சம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்ரெல்லா அழுதாள். அப்பா போனபின் அவளுக்கென்று இந்த உலகத்தில் மிஞ்சியது அம்மா ஒருத்திதான். மீன் கருவாடு விற்று, காதுத் தோட்டை விற்று அவளைப் படிப்பித்த அம்மா. இந்த நூலைக் கட்டினால் அந்த அம்மாவும் இல்லை. கட்டாவிட்டால் மட்டும் இருப்பாளா?

கட்டினாள். அதுவும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

கோயிலில் மாலைத் திருந்தாதி மணி அடித்தது. மழை இருட்டு அறைக்குள் இறங்கியிருந்தது. ஸ்ரெல்லா ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தித் தரையில் வைத்தாள். குசினியில் அம்மா செபமாலையைத் தொடங்கினாள். வழக்கமான அதே இழுப்பு, அதே தாழ்ந்த குரல். நூல்களை அறுத்து, எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிட்டு, நாளைக்கே தானும் சேர்ந்து வெள்ளை அடித்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள்.

அப்போது ஒரு நூல் கிறீச்சென்றது.

காற்றில்லை. யன்னல் சாத்தியிருந்தது. கூடுகிற இடத்தில் நூல்கள் மெதுவாக வெளிப்பக்கம் வளைந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. இல்லாத ஒன்றைச் சுற்றி அவை வளைந்தன. நெற்றி. மூக்கு. குனிந்த பிடரி.

டொக்.

வாங்கடியில், சீமெந்தில், ஒரு துளி. போத்தலைப் பார்த்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

டொக்.

வட்டம். இரண்டும் வட்டம்.

நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. மூன்றாவது துளி வாங்கைவிட்டுத் தள்ளி விழுந்தது. நீண்டிருந்தது. வால் கதவுப் பக்கம் பார்த்தது. அடுத்தது கதவு நிலையில். அடுத்தது விறாந்தையில்.

குசினிக்கு.

அம்மா, ஓடுங்கோ. அவ்வளவுதான் கத்தவேண்டும். வாய் திறந்தது. கையால் பொத்திக்கொண்டாள். ஏன் பிள்ளை, யாருக்குப் பயந்து ஓட, என்று அம்மா கேட்டால் என்ன சொல்வது?

செபமாலை பாதியில் நின்றது.

"இஞ்சாருங்கோ." அப்பாவை முன்பு கூப்பிடுகிற அதே சொல். பக்கத்து வீட்டாரோடு கதைக்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக அம்மா சொன்னாள். "பிள்ளை சுரண்டிப்போட்டாள் என்ன?"

மழை.

"எனக்குத் தெரியும். இருங்கோ. சோறு போட்டு வச்சிருக்கு."

பீங்கான் தரையில் உராய்ந்தது. பிறகு, தேங்காய் விழுந்தது போல ஒரு சத்தம். ஒரேயொரு தரம்.

"அம்மா?"

மழை விட்டிருந்தது. தாழ்வாரத்தில் வடிகிற தண்ணீரும் அடங்கியபின், விறாந்தையில் அந்த டொக் டொக் மறுபடியும் கேட்டது. கிட்ட வந்தது. ஸ்ரெல்லா சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு தரையையே பார்த்தாள். கதவு நிலையைத் தாண்டித் துளிகள் வந்தன. நீண்ட துளிகள். வால்கள் அவளைப் பார்த்தன.

போனது ஒரு வரிசை. வருவது இரண்டு.

விளக்கைக் கடந்தன. சுடர் அசையவில்லை. பழகிய மணம் ஒன்று முகத்தில் பட்டது. கடல் உப்பும், அம்மாவின் தலை எண்ணெயும். ஸ்ரெல்லா கண்ணை இறுக மூடினாள். சத்தம் நின்றது. கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள்.

இடது காலடியில் ஒரு துளி. வலது காலடியில் ஒரு துளி.

இரண்டும் வட்டம்.