பின்பலகைக்காரி

முதல் படகின் மேல் கை வைத்ததும் அன்புச்செல்விக்கு உள்ளங்கை பொத்துப்போகிற மாதிரி சுட்டது. சித்திரை வெயில். காலையிலிருந்து கவிழ்ந்து கிடக்கும் அலுமினியத் தகடு சுடாமல் என்ன செய்யும்? கையை உதறி முந்தானையில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளிக் கிடந்த இரண்டாவது படகை விரல்நுனியால் பட்டும் படாமலும் தொட்டாள். சில்லென்றிருந்தது. சுற்றிலும் ஒரு செடியின் நிழல்கூட இல்லை. நிறைந்த மண்பானையின் அடிவயிற்றைத் தொட்டால் இருக்குமே, அந்த மாதிரி உள்ளே எதையோ வைத்திருக்கும் குளிர்ச்சி.

"ஏனுங்க, இங்க வந்து இதைத் தொட்டுப் பாருங்களேன்."

முதல் படகின் ஓரத்தில் குந்தி ஒவ்வொரு ரிவிட்டாகத் தடவிக்கொண்டிருந்த செங்கோடன் எழுந்து வந்தான். கையை வைத்தான். எடுத்தான்.

"தகடு தடிப்பமா இருக்குது புள்ள. அதான் சூடு ஏறல" என்றான்.

மேட்டில் வேலமரத்தடியில் நின்றிருந்த ராசு கையை அசைத்தார். படகுகளை விற்கிறவர் அவர்தான். ஈ விரட்டுகிறார் என்று முதலில் நினைத்தாள். உற்றுப் பார்த்தபோது, விரலை உதட்டின் மேல் வைத்து எடுத்தது போலிருந்தது. வந்ததிலிருந்து அவர் மரத்தை விட்டு ஓரடிகூடக் கீழே இறங்கவில்லை. கவனித்திருந்தாள், ஆனால் கேட்கவில்லை.

இளம்பிள்ளையிலிருந்து இரண்டு பஸ் மாறி, கொளத்தூர் தாண்டி, அணைத் தேக்கத்தின் பின்கரைக்கு வந்திருந்தார்கள். தண்ணீர் வற்றி உள்வாங்கியிருந்ததால் மரத்திலிருந்து தண்ணீருக்கு வெடித்த களிமண் சரிவில் வெகுதூரம் இறங்க வேண்டியிருந்தது. இப்படியெல்லாம் அலைவது அன்புச்செல்விக்கு அன்று சிரமமாகவே தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து செங்கோடன் போர்வெல் ரிக் வண்டியோடு போனவன். ஆந்திரா, மராட்டியம், சத்தீஸ்கர் என்று எங்கெங்கோ. வருசத்தில் மழைக்காலம் மட்டும் வீட்டில் இருப்பான். மீதி நாளெல்லாம் தறியின் இரைச்சலுக்கு நடுவே போனைக் காதில் அமுக்கிக்கொண்டு, அவன் குரலோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள். அவனும் அவள் குரலோடுதான். போன தை மாதம் குழாய் சரிந்து இடுப்பில் விழுந்து, இனி ரிக்குக்கு ஆகாது என்று ஊர் வந்து சேர்ந்தான். மற்றவர்கள் துக்கம் விசாரித்தார்கள். அவளுக்கு உள்ளூர ஒரு வெட்கங்கெட்ட சந்தோசம்.

அணையில் மீன்பிடிக்கும் உரிமம் அவன் தாய்மாமன் பேரில் இருந்தது. ஒரு படகு இருந்தால் போதும். "நான் முன்னால குந்தித் துடுப்புப் போடறேன். நீ பின்பலகைல உக்காந்து வலையை வுடு. இனி உன்னைய வுட்டு எங்கயும் போறதில்ல" என்று அவன் சொன்ன இரவில் அவள் தூங்கவே இல்லை.

ராசு போனில், "ஒத்தையா வாங்க, ஊட்டம்மாவைக் கூட்டியாராதீங்க" என்று சொல்லியிருந்தார். மேடு பள்ளமாம். பின்பலகையில் உட்காரப்போகிறவள் பார்க்காமல் எப்படி? அவள் வந்துவிட்டாள்.

முதல் படகு குறுகல். அடியில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. ஓரமெல்லாம் கல்லில் இடித்த நெளிவு. இரண்டாவது அகலம், நெளிவில்லை, கீறலில்லை, ஆணி கழன்ற ஓட்டையில்லை. ஒருவரும் ஏறாத படகு போலச் சுத்தமாக இருந்தது.

"இதுல என்ன யோசனை? இதேதான்" என்றான் செங்கோடன்.

"தண்ணில வுட்டுப் பாக்கலாமுங்க."

இரண்டையும் நிமிர்த்தி, சேற்றில் வழுக்கி வழுக்கித் தள்ளி, தண்ணீரில் இறக்கி முளைக்கம்பில் கட்டினார்கள். முதல் படகு கொஞ்சம் ஆடிவிட்டு, மேஜையில் வைத்த தட்டு போல மட்டமாக நின்றது. இரண்டாவது படகின் பின்பக்கம் மெதுவாக அமுங்கியது. முன்முனை தூக்கிக்கொண்டது. காலிப் படகு. உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் பின்பலகையில் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, வசதியாகச் சாய்ந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அது அசைந்து அசைந்து அமுங்கி, அப்புறம் அடங்கியது.

கரையில் பாசி வாடையும் செத்த மீன் வாடையும் இருந்தன. அவற்றுக்கு நடுவே வேறொரு வாடை. தலைக்கு ஊற்றிய ஈரக் கூந்தலை உலர்த்தாமல் கொண்டை போட்டு ராத்திரி முழுக்க வைத்திருந்தால் வருமே, அந்தப் புழுங்கல் வாடை. அன்புச்செல்வி தன் பின்னலை இழுத்து முகர்ந்து பார்த்தாள். அவளுடையது இல்லை.

"ஏனுங்க, பின்னாடி ஏன் இப்படி அமுங்குது?"

"அடித்தகடு அங்க கனமா இருக்கும்."

"எனக்கு இது வேண்டாமுங்க. அந்த ஒட்டுப் போட்டதே போதும். ஓட்டை இருந்தா அடைச்சுக்கலாம். இதைப் பாத்தாலே எனக்கு என்னமோ பண்ணுது. கேக்கறீங்களா? எனக்கு இது வேண்டாம்."

மேட்டில் ராசு இப்போது இரண்டு கைகளையும் அசைத்தார்.

செங்கோடன் அவள் முகத்தைப் பார்த்தான். ரிக்கிலிருந்து வந்தபின் அவள் சொல்லுக்கு அவன் மறுத்துப் பேசியதில்லை. "சரி. உக்காரப் போறவ நீ. உனக்கு எது தோதோ அது" என்று முதல் படகின் கயிற்றை அவிழ்த்தான்.

அவன் முன்னால் மண்டியிட்டுத் துடுப்பைப் பிடித்தான். அவள் பின்பலகையில் உட்கார்ந்தாள். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் தகட்டில் மோதும் சின்னச் சின்னச் சத்தமும், துடுப்பிலிருந்து சொட்டும் சத்தமும், அவன் மூச்சும் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. அவன் முதுகுச் சட்டையில் வியர்வை ஒரு இலை மாதிரி படர்ந்திருந்தது. இத்தனை வருசத்தில் அந்த முதுகை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை என்று நினைத்தாள். தொட வேண்டும் போலிருந்தது.

அப்போது கரையைப் பார்த்தாள்.

முளையில் கட்டியிருந்த இரண்டாவது படகு மட்டமாக மிதந்தது. முன்னும் பின்னும் சரிசமமாக. காலியாக.

அவள் உட்கார்ந்திருந்த பலகை ஒருமுறை முனகியது.

"என்ன புள்ள, திடீர்னு கனக்குது?" என்றான் செங்கோடன். துடுப்பு ஆழமாக இழுபட்டது. பின்விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே முன்பு ஒரு சாண் இருந்தது. இப்போது நான்கு விரல்.

"திருப்புங்க. கரைக்குப் போலாம்."

"ஏன்?"

"திருப்புங்கன்னா!"

அவன் படகைத் திருப்பினான். வெயில் முதுகுப் பக்கம் வந்தது. அவள் நிழல் முன்னால் படகின் தளத்தில் நீண்டு விழுந்தது. பின்னல் போட்ட தலை, குறுகிய தோள். தோளுக்கு மேலே இன்னொரு தலை எழுந்தது. அவிழ்ந்த கூந்தல். அவள் முதுகுக்கும் படகின் விளிம்புக்கும் நடுவே ஒரு குடம் வைக்கக்கூட இடமில்லை. பிடரியில் ஈரம் பட்டது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. அவள் அசையவில்லை. அது அசைந்தது. அவள் காதருகே குனிந்து, காதுமடலில் படும்படி உதட்டை மட்டும் அசைத்தது. பாடம் படிக்கும் பிள்ளை சத்தமில்லாமல் சொல்லிப் பார்ப்பது போல. *ஏனுங்க. ஏனுங்க.*

கரை தட்டியதும் சேற்றில் குதித்தாள். முழங்கால் வரை இறங்கியது.

"ரெண்டும் வேண்டாமுங்க. ஊட்டுக்குப் போலாம்."

"ரெண்டும் வேண்டாம்னா நீந்தியா மீன் புடிக்கறது?" முதன்முறையாக அவன் குரலில் சலிப்பு. "என்ன ஆச்சு உனக்கு?"

"ராசு அண்ணங்கிட்டக் கேட்டுட்டு வாரேன். நீங்களும் மேல வாங்க. இங்க நிக்காதீங்க."

"படகைக் கட்டிட்டு வாரேன். நீ போ."

அவனை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. மூச்சிரைக்கச் சரிவில் ஏறினாள். கிட்டத்தில் ராசுவின் முகம் வெளிறிக் கிடந்தது.

"பேசாதீங்க பேசாதீங்கன்னு கையைக் காட்டுனேனே அம்மிணி" என்றார், இலை உரசும் சத்தத்தில். "கொரலைக் கேட்டாப் புடிச்சுக்கும். அதுக்குத்தான் ஒத்தையா வரச் சொன்னேன்."

"என்னதுங்க அது?"

"தெரியாதுங்க. எங்க ஊட்டுக்காரி போய்ச் சேர்ந்த பொறவு, அவ கொரல்ல பின்னால உக்காந்து பேசுச்சு. படகை மாத்துனேன். அதுலயும் வந்துது. எதை வாங்கினாலும் ஒண்ணுதான். அது எதுல ஏறுதோ அதுல வரும்."

"உங்க ஊட்டுக்காரியா?"

"இல்லீங்க. அவ என்னை அத்தனை பாசமாக் கூப்புட்டதே கெடையாது." ராசு தண்ணீரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "திரும்பிப் பாரு, திரும்பிப் பாருங்கும். நான் திரும்பல. அதனாலதான் உசுரோட நிக்கறேன். திரும்புன ஒருத்தனை நான் பாத்திருக்கேன்."

"இதைத் தெரிஞ்சேவா எங்களுக்கு விக்க வந்தீங்க?"

அவருடைய கண் அவளைத் தாண்டிக் கீழே போய் நின்றது.

அன்புச்செல்வி திரும்பினாள்.

முதல் படகு கரையை விட்டு நகர்ந்திருந்தது. செங்கோடன் முன்னால் மண்டியிட்டு, வெயிலைப் பார்த்து, ஆழத்தை நோக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். பின்பலகை காலி. ஆனால் பின்பக்கம் அமுங்கியிருந்தது.

காற்று தண்ணீரிலிருந்து கரைக்கு வீசியது. அவன் பேசுவது கேட்டது.

"அதான பாத்தேன். வேண்டாம் வேண்டாம்னுட்டு நீயே வந்து ஏறிக்கிட்டயே" என்று சிரித்தான்.

அவள் ஓடினாள். செருப்பு சேற்றில் போயிற்று. விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள். ஏனுங்க என்று கத்த வாயைத் திறந்தாள். திறந்த வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள்.

அவள் அவனுக்குப் பின்னால் நிற்கிறாள். கூப்பிட்டால் திரும்புவான். திரும்பினால், அவளுக்கும் அவனுக்கும் நடுவில் அது.

கூப்பிடாவிட்டால் போய்விடுவான்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். நீச்சல் தெரியாது. இரண்டாவது படகின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஈரத்தில் இறுகிய முடிச்சு. நகம் பிய்ந்தது. அவிழவில்லை. முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு பார்த்தாள். துடுப்பு விழுந்தது. எழுந்தது. திரும்பாதீங்க. விழுந்தது. திரும்பாதீங்க சாமி. எழுந்தது.

தண்ணீரின் மேல் ஒரு குரல் வந்தது.

அவள் குரல். தறி இரைச்சலுக்கு நடுவே போனில் பேசும்போது மட்டும் அவளுக்கு வரும் அந்தக் குரல். இத்தனை வருசம் அவன் ஊர் ஊராகக் கேட்டுத் தூங்கிய குரல்.

"ஏனுங்க. சித்த இங்க திரும்பிப் பாருங்களேன்."

துடுப்பு நின்றது.

செங்கோடன் திரும்பினான்.

ஒன்றும் நடக்கவில்லை. அவன் அலறவில்லை. படகு கவிழவில்லை. காலிப் பலகையைப் பார்த்தான். அவன் முகம் மெதுவாக மலர்ந்தது. நீண்ட பயணம் முடிந்து வீட்டு வாசலில் வந்து நிற்கிறவன் முகம். துடுப்பைத் தண்ணீரில் விட்டான். அது மிதந்து போயிற்று. தவழ்ந்து பின்னால் போய், பலகையில் ஒரு ஓரமாக, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தான். பின்விளிம்பு தண்ணீருக்குச் சமமாக இறங்கியது. ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. துடுப்பில்லாத படகு ஆழத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது.

இனிக் கத்தலாம். முந்தானையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டாள். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். தொண்டை அசைந்தது, உதடு அசைந்தது. காற்று. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

அவன் பார்த்துவிட்டான். கரையை நோக்கிக் கையை நீட்டி, பக்கத்தில் இருப்பதற்கு அவளைக் காட்டினான்.

"யாருங்க அது?" என்று அவள் குரல் கேட்டது.

செங்கோடன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாட்டும் அந்தப் பெண்ணை வெகுநேரம் பார்த்தான். பிறகு, தெரியவில்லை என்று தலையை அசைத்தான்.