எழுபத்தொரு விழுக்காடு

காரணமானி ஒரு சீட்டைத் தள்ள ஒன்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும். தூத்துக்குடியில், துறைமுகத்தை ஒட்டிய மருத்துவமனையில், அந்தச் சீட்டை நோயாளிக்குப் படித்துச் சொல்வதுதான் ஞானதுரையின் வேலை.

தைராய்டுக் கட்டியிலிருந்து கடுகளவு திசுவை உள்ளே வைத்தால் போதும். கதிர்வீச்சோ, உடல்பருமனோ, அயோடின் குறைவோ, பரம்பரையோ, எது தீண்டியிருந்தாலும் செல்லுக்குள் தழும்பு இருக்கும். காரணமானி தழும்புகளை எண்ணி ஒவ்வொன்றுக்கும் பங்கு பிரித்துவிடும். எதிலும் சேராதது 'தற்செயல்'.

சீட்டு வந்த பதினைந்து வருடத்தில் ஊரே மாறியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் தாயின் சீட்டைக் கேட்டார்கள். பருத்தவர்கள் பந்தியில் பாதியிலேயே இலையை மூடினார்கள். குழந்தைக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்த மருத்துவரைப் பெற்றவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஞானதுரைக்கு அதில் குறை தெரியவில்லை. காரணம் தெரிந்தால் மனிதன் திருந்துவான் என்பது அவர் எண்ணம். மகள் எப்சிபாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் பூசின உடம்பு. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்போது அப்பா பார்க்கிறாரா என்று ஒரு கண் வைத்தே வளர்ந்தவள்.

முப்பத்தொன்றாம் வயதில் அவள் கழுத்தில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள், பயமில்லை என்றார்கள். சீட்டை அப்பாதான் படிக்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். உடம்பைக் குறைக்காததுதான் காரணம் என்று வரும், அதை வேறொருவர் வாயால் கேட்க முடியாது என்றாள்.

உடல்பருமன் மூன்று. பரம்பரை ஒன்று. தற்செயல் இருபத்தைந்து. சிறுவயதுக் கதிர்வீச்சு எழுபத்தொன்று.

வழக்கம்போல ஒரே மூச்சில் படித்தார். படித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

எப்சிபாவுக்கு ஆறு வயதில் விடாத தலைவலி. கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார் மருத்துவர். ஆனால் ஞானதுரையின் மனைவி இறந்து அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. அவளைக் கொண்டுபோன மூளைக் கட்டியும் தலைவலியில்தான் தொடங்கியது. அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்து, சண்டைபோட்டு, ஒரே வருடத்தில் தலைக்கும் கழுத்துக்குமாக ஐந்து அடுக்குப்படம் எடுக்க வைத்தார். உடம்புக்குள் கதிரைப் பாய்ச்சி அடுக்கடுக்காக எடுக்கும் படம் அது. ஐந்திலும் ஒன்றுமில்லை.

"நான் செத்துருவேன்னு பயந்துதானப்பா எடுத்தீங்க," என்றாள் எப்சிபா. "விடுங்க."

அவள் விட்டுவிட்டாள். அவரால் முடியவில்லை. வேலையை விட்டார். வீட்டில் எதற்கும் வாய் திறப்பதை நிறுத்தினார். மருமகன் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில். பேத்தி ஷரோனுக்குக் காய்ச்சல் என்றால்கூட, உனக்குத் தெரியாததா என்று நகர்ந்துவிடுவார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு மாலை, பூங்காவில் ஷரோன் ஊஞ்சலிலிருந்து விழுந்தாள். நாலு வயது. அழுதாள், எழுந்து மறுபடி விளையாடினாள். வீட்டுக்கு வந்து இரண்டு முறை வாந்தி எடுத்தாள். தூக்கம் வருகிறது என்று படுத்தாள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உடனே அடுக்குப்படம் எடுக்க வேண்டும், மண்டைக்குள் இரத்தம் கசிந்தால் காத்திருக்க நேரம் கிடையாது என்றார் மருத்துவர்.

எப்சிபாவின் கை தன் கழுத்துத் தழும்புக்குப் போயிற்று.

"கதிர் வேண்டாம். காந்தப்படம் எடுங்க."

காந்தப்படத்தில் கதிர் இல்லை. அதனாலேயே ஊரிலுள்ள தாய்மார் எல்லாம் அதற்குத்தான் காத்துக் கிடந்தார்கள். அவசரம் என்று முன்னால் விட்டாலும் இரண்டு மணி நேரமாகும் என்றார் மருத்துவர். ஒரே ஒரு படத்தால் வரக்கூடிய ஆபத்து மிகச் சிறிது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். எப்சிபா திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

ஞானதுரைக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான சீட்டுகளைப் படித்தவர் அவர். ஒரு படம் விட்டுச்செல்லும் தழும்பு எவ்வளவு சிறியதென்று அந்த ஊரில் அவரைவிட அறிந்தவர் இல்லை. எடுத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தார். அன்று பேசக்கூடாத இடத்தில் பேசியவன் இன்று எந்த முகத்தோடு பேசுவது?

"நீயே பாத்துச் சொல்லும்மா," என்றார்.

காந்தப்படத்துக்குப் பெயரைக் கூப்பிட்டபோது ஷரோனின் ஒரு கண்மணி அகல விரிந்து கிடந்தது. மண்டையைத் திறந்து பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளை போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள், வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, எப்சிபா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். குரலில் கோபமில்லை.

"உங்களுக்குத் தெரியும்லாப்பா? ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"தெரியும்மா," என்றார் ஞானதுரை.

வேண்டாம் என்றது நான்தானே என்றாள் அவள். வாயை மூடிக்கொண்டது நான் என்றார் அவர். பங்கு பிரித்துச் சொல்ல இயந்திரம் எதுவும் இல்லாத அந்தச் சாவை, அப்பாவும் மகளும் ஆளுக்கு முழுதாக எடுத்துக்கொண்டார்கள்.