மை ஏறிய ஏடு

வெள்ளாற்றின் நீர்ப்பரப்பில் அந்திச் செவ்வானம் அவிந்து, கீழ்த்திசையில் முழுமதி எழுந்த வேளையில், மன்னர் மாறவேளின் பாசறைக்குள் காவலர் ஒரு நங்கையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அக்கரைப் பகைநாட்டிலிருந்து தனியே ஓடமேறி வந்த அவள் பெயர் சேந்தனங்கை. அவள் மடியில் இருந்ததோ மன்னர் தாமே பாடி, தைத் திங்களில் அரங்கேற்றிய நூலின் ஏட்டுச்சுவடி. அதிலுள்ள ஓரடியைப் பற்றி அவரிடம் நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும். அதன்பின் தலை போனாலும் போகட்டும் என்றே துணிந்து வந்திருந்தாள்.

"அரசர்பெருமானே, இது என் சுவடி!" என்று முந்திக்கொண்டார் தளபதி கச்சிராயர். "நாள் தவறாமல் ஓதிவந்தேன். களவு போய்விட்டது. இவள்தான் திருடி!"

வாசகர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மன்னர் அவையோருக்கெல்லாம் பரிசாகத் தந்த சுவடிகளில் தம்முடையதை எங்கே வைத்தோமென்று தளபதிக்கே மறந்துவிட்டது. மறுநாள் எல்லாரும் சுவடியோடு அவைக்கு வரவேண்டுமென்ற ஆணையோ கழுத்தை நெரித்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று கண்ணில் பட்டதைத் தமதாக்கிக்கொண்டார்.

சேந்தனங்கைக்கு அச்சத்தைவிடச் சினமே மிகுந்தது. "தளபதியாரே, ஏட்டுக்கு எதைக் குழைத்து மை தடவினீர்?"

"மையா? மன்னர் தந்தபடியே, கறைபடாமல் பட்டில் அல்லவா சுற்றி வைத்திருந்தேன்!"

அவை கொல்லென்று சிரித்தது. அந்த அரண்மனைச் சுவடிகள் எழுத்தாணியால் கீறியபடியே வெளியே செல்லும். முதலில் படிப்பவர் தம் கையால் மை தடவினால்தான் எழுத்துத் துலங்கும். சேந்தனங்கை கட்டை அவிழ்த்தாள். ஏடுதோறும் எழுத்துகள் கன்னங்கரேலென்று நின்றன. ஓரங்கள் விரல்பட்டு மெருகேறியிருந்தன.

மன்னரின் நெஞ்சு பூரித்தது. "பெண்ணே, நீ யார்?"

"சமாதானத் தூதோடு தாங்கள் இந்நூலை அனுப்பிய முனையூர் அரசரின் மகள். தந்தையார் இதைத் தொடவில்லை, நான் படித்தேன். துறைப்போரில் எங்கள் இளவரசன் புறமுதுகிட்டான் என்று பாடியிருக்கிறீர்கள். அவன் என் அண்ணன். அவன் உடலை நீராட்டியவள் நான். புண் மார்பில் இருந்தது, அரசே!"

மாறவேள் அரியணையிலிருந்து இறங்கினார். "எதுகை அழகுக்காக ஒரு வீரனின் மானத்தைப் பலியிட்டேன். என் வாளின்மேல் ஆணை! எல்லாச் சுவடிகளிலும் அவ்வடியை என் கையாலேயே திருத்துவேன்."

"மற்றவற்றைத் திருத்துவது எளிது, அரசே. அவற்றை இன்னும் யாரும் படிக்கவில்லையே!"

மன்னர் வாய்விட்டு நகைத்தார். அவளுடைய சுவடியிலேயே பழைய அடியை அடித்து, அருகே புதிதாகக் கீறி, ஏட்டை அவளிடம் நீட்டினார். அவள் பாசறை விளக்கின் கரியை விரலில் தொட்டுத் தடவினாள். 'மார்பில் வேல் ஏற்றான்' என்ற சொற்கள் கறுத்து எழுந்தன. பகைவரின் பாசறை நடுவே சேந்தனங்கை தலைநிமிர்ந்து அதை உரக்கப் படித்தாள்.