இருபதடி தூரத்தில் ஒரு சாட்சி!

ஸ்காட்லாந்து கூப்பிட்டது.

நித்யஸ்ரீயின் செல்போன் திரையில் மார்கரெட்டின் முகம். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் காபிக் கோப்பை. அங்கே அவளுக்குக் காலை டிபன் நேரம். இங்கே நாமக்கல்லில் மத்தியான வெயில் மண்டையைப் பிளந்து கொண்டிருந்தது.

"நித்யா... புதுக் கண் டெஸ்ட் சார்ட் வந்துவிட்டதாமே? எங்கே, காட்டு!" என்றாள் ஆங்கிலத்தில்.

"நான் மெஸ்ஸுக்குச் சாப்பிடக் கிளம்பறப்பத்தான் கூரியர்ல வந்துச்சு மேடம். இளஞ்செழியன் சார் மாட்டியிருப்பாரு. நானே இன்னும் பாக்கல. வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே பாக்கலாம்!"

மார்கரெட்டின் அறக்கட்டளை பணம் அனுப்பும். நித்யஸ்ரீயின் 'துணை' அமைப்பு வேலை செய்யும். லாரி டிரைவர்களுக்கு இளஞ்செழியன் செய்யும் இலவசக் கண் பரிசோதனை, அவர்களுடைய பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி. சேலம் ரோட்டில், லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே வாடகைக் கட்டடம். இரண்டு வேலைக்கும் சேர்த்து உருப்படியாக இருந்ததோ ஒரே ஓர் அறை.

அந்த அறையின் கதவைத் தள்ளினாள்.

எதிர்ச் சுவரில் பளபளவென்று புது சார்ட். உச்சியில் பெரிதாக 'ந'. வரிசை வரிசையாகக் கீழே சின்னதாகிக் கொண்டே போகும் தமிழ் எழுத்துகள்.

"ஆஹா, அழகாக..." என்று ஆரம்பித்தாள் மார்கரெட்.

முடிக்கவில்லை.

சார்ட்டுக்குக் கீழே இளஞ்செழியன் கிடந்தார். பின்மண்டை இரும்பு பீரோவின் முனையில். தரையெல்லாம் ரத்தம். அத்தனை பேர் கண்ணையும் சோதித்த கண்கள் எதையும் பார்க்காமல் திறந்திருந்தன.

"வீ...ல்!"

நித்யஸ்ரீ போட்ட சத்தத்தில் பட்டறைகளில் வெல்டிங் நின்றது. போனுக்குள் கோப்பை ஒன்று உடைந்தது.

*

இன்ஸ்பெக்டர் சுகன்யா ஆத்தூர்க்காரி. சிரிக்காமலே கிண்டல் பண்ணுகிற ரகம். வந்ததும் அறையைப் பூட்டி, வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்திவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தாள்.

"காலையில இவரோட ஒருத்தன் சண்டை போட்டானாமே. யாரு?"

நித்யஸ்ரீ கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாந்தானுங்க" என்று முன்னால் வந்தான் கவின். நித்யஸ்ரீயின் தம்பி. மாலைப் பள்ளி வாத்தியார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும், மனசு வெள்ளை.

"எதுக்குச் சண்டை?"

"ரூமுக்குங்க. கண் டெஸ்டுன்னு தினமும் ரூமைப் புடிச்சுக்கறாரு. என்ற பசங்க வெயில்ல உக்காந்து படிக்கறாங்க. கேட்டேன். சத்தமா கேட்டுப்போட்டேன்."

"சத்தமா கேட்டே. அப்புறம்?"

"சாப்பிட ஊட்டுக்குப் போயிட்டனுங்க."

"வீட்ல யாரு இருந்தா?"

கவின் உதட்டைப் பிதுக்கினான். யாரும் இல்லை.

அப்போதுதான் கூட்டத்தில் இருந்து அந்தக் குரல் வந்தது.

"மேடம்... நான் ஒண்ணு சொல்லலாங்களா?"

கைலாசம். ஓமலூர்க்காரர். முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவர். தோளில் துண்டு, நெற்றியில் திருநீறு, பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் முகம்.

"எதுத்த டீக்கடையில உக்காந்திருந்தனுங்க. இந்தத் தம்பி ரூமுக்குள்ள இருந்து ஓடியாந்துச்சு. சட்டையில ரத்தம். முகத்தை நல்லாப் பாத்தனுங்க."

"பொய்!" கவின் பாய்ந்தான். இரண்டு கான்ஸ்டபிள்கள் அமுக்கினார்கள்.

"நீங்க உள்ள போனீங்களா?" சுகன்யா கேட்டாள்.

"இன்னிக்கு இந்தப் பக்கம் காலே வெக்கலீங்க. பொழுதுக்கும் டீக்கடைதான். டீக்காரரையே கேளுங்க."

டீக்காரர் தலையை ஆட்டினார். வியாபார நேரத்தில் யார் எப்போது எழுந்து போனார்கள் என்று அவருக்கு என்ன தெரியும்? இருந்தாலும் ஆட்டினார்.

"ஏத்துங்கய்யா ஜீப்புல!"

"அக்கா... நான் இல்லக்கா! நீயாவது நம்புக்கா!"

நித்யஸ்ரீ ஜீப்பை நோக்கி இரண்டடி ஓடினாள். அப்பா இல்லாத வீட்டில் அவள் தூக்கி வளர்த்த தம்பி. கொலைக் கேஸ்... ஜெயில்... அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக் கொண்டு நிமிர்ந்தாள்.

டீக்கடை தெரிந்தது.

நடுவே நான்கு வழிச்சாலை. பாலம் போட்ட மாதிரி இடைவிடாமல் லாரிகள்.

அவ்வளவு தூரத்தில் இருந்து முகத்தை... நல்லாப் பாத்தாராமா?

காலையில் இளஞ்செழியன் சொன்னது பளிச்சென்று ஞாபகம் வந்தது. 'அந்தக் கைலாசத்துக்கு ரெண்டு கண்ணுலயும் புரை நித்யா. பழைய சார்ட்டை மனப்பாடம் பண்ணிட்டு வந்து கடகடன்னு ஒப்பிக்கிறாரு. பாதி டிரைவருங்க இப்படித்தான். புது சார்ட் வரட்டும், வெச்சுக்கறேன்.'

இன்னொன்றும் சொல்லியிருந்தார். அதை நினைக்க இப்போது நேரமில்லை.

"மேடம்! ஒரு நிமிஷம்!"

*

அலுவலக அறையில் நித்யஸ்ரீ மூச்சு வாங்கினாள்.

"அவருக்குக் கண்ணே சரியா தெரியாதுங்க மேடம். என்ற தம்பியை அங்கிருந்து பாத்திருக்கவே முடியாது!"

"நீ அக்கா. அப்படித்தான் சொல்வே" என்றாள் சுகன்யா. "விரலைக் காட்டி எத்தனைன்னு கேட்டா, வெயில்ல கண்ணு கூசுதுன்னு தப்பிச்சிடுவான். வேற ஏதாவது வெச்சிருக்கியா?"

நித்யஸ்ரீ மேஜைக்கு அடியில் இருந்து சுருட்டிய அட்டையை எடுத்தாள்.

"பழைய சார்ட்டுங்க. காலையிலதான் கழட்டுனோம். இது அவருக்குத் தலைகீழ் பாடம். வராந்தாவுல நான் புடிச்சுக்கறேன். நீங்க படிக்கச் சொல்லுங்க. அவரு பாதி ஒப்பிக்கும்போது நான் அட்டையைத் திருப்பிடறேன். வெறும் வெள்ளை. அப்பவும் படிச்சுட்டே போவாரு... எல்லாரும் பாக்கட்டும்!"

சுகன்யாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவள் அகராதியில் அதுதான் சிரிப்பு.

"கொண்டு வாய்யா கைலாசத்தை!"

*

வராந்தாவின் ஒரு கோடியில் கைலாசம். இருபதடி தள்ளி நித்யஸ்ரீ. நடுவே சுகன்யா. ஜீப்பில் கவின், கம்பியைப் பிடித்தபடி.

"கோர்ட்டுல உன் கண்ணைப் பத்திக் கேப்பாங்க கைலாசம். சாட்சி உறுதியா இருக்கணும். அந்த சார்ட்டைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு."

"அதுக்கென்னுங்க!" கைலாசம் துண்டை இழுத்துப் போட்டுக் கொண்டார். "நம்ம கண்ணு கழுகுக் கண்ணுங்க!"

நித்யஸ்ரீ அட்டையை உயர்த்தினாள். இரண்டு வரி முடியட்டும், திருப்பிவிடலாம்.

கைலாசம் தொண்டையைச் செருமினார்.

"ந..."

நித்யஸ்ரீ திடுக்கிட்டாள்.

"ச... வ... அடுத்த வரி, க, ய, ம... அப்பறம் ப, ர, த, ல..."

கடைசி வரி வரைக்கும் தங்கு தடையில்லாமல் ஒப்பித்துவிட்டு, "போதுங்களா?" என்று சிரித்தார் கைலாசம்.

நித்யஸ்ரீ அட்டையைத் திருப்பவே இல்லை. மெதுவாகக் குனிந்து, தன் கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள்.

உச்சியில் இருந்த எழுத்து 'ட'.

"மேடம்..." அட்டையைச் சுகன்யாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இந்த சார்ட்டுல 'ந'வே கிடையாதுங்க."

"அப்ப அவன் படிச்சது?"

"புதுசு. உள்ள... சார் செத்துக் கிடக்கற ரூமுல மாட்டியிருக்கறது!"

சுகன்யா பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதை வேற யாரு பாத்திருக்கா?"

"யாருமே இல்லீங்க. எந்த எழுத்து எங்க வரணும்னு எழுதிக் குடுத்தது நான், அச்சடிச்சு அனுப்புனது மார்கரெட் மேடம். இருக்கறதே ஒண்ணுதான். நாங்க சாப்பிடப் போனப்புறம் சார்தான் பிரிச்சு மாட்டுனாரு. அப்புறம் நான் உள்ள போனேன்... யாரையும் உள்ள விடாம வாசல்லயே நின்னேன், நீங்க வந்து பூட்டிட்டீங்க!"

சுகன்யா நிதானமாகக் கைலாசத்தின் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு இந்தப் பக்கம் காலே வெக்கலைன்னே. கண்ணை மட்டும் அனுப்பி வெச்சியா?"

கைலாசத்தின் கும்பிடத் தோன்றும் முகம் அப்படியே சரிந்தது. தூணைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தார்.

"கொல்லோணும்னு போகலீங்க சாமி... புது சார்ட்டு வருதுன்னாங்க. ஆளில்லாத நேரமாப் பாத்து உள்ள போயி, கிட்ட நின்னு மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன். கை கழுவப் போனவரு திரும்பி வந்துட்டாரு. 'உங்க மொதலாளிகிட்டப் பேசறேன்'னாரு. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா எவன் சாமி லோடு குடுப்பான்? கையைப் புடிச்சுக் கெஞ்சுனேன். உதறுனாரு. தள்ளிப்போட்டேன்..."

"கவினை எதுக்குய்யா இழுத்தே?"

"காலையில அந்தத் தம்பி போட்ட சத்தம் ஊருக்கே கேட்டுச்சுங்களே..."

நித்யஸ்ரீயின் கையில் இருந்து அட்டை விழுந்தது. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அவரு உங்களைக் காட்டிக் குடுக்க மொதலாளிகிட்டப் பேசறேன்னு சொல்லலீங்க! லீவு கேக்கறதுக்குங்க! உங்க பேரைப் புரை ஆபரேசனுக்குக் குடுத்தாச்சுன்னு காலையிலயே என்கிட்டச் சொன்னாரு. செலவெல்லாம் ஸ்காட்லாந்துக்காரங்களுது. 'நல்ல டிரைவர் நித்யா, கண்ணை மட்டும் சரி பண்ணிட்டா இன்னும் பத்து வருஷம் ஓட்டுவாரு'ன்னாரு!"

கைலாசம் அவள் குரல் வந்த திசையையே பார்த்துக் கொண்டிருந்தார். அப்புறம் துண்டால் வாயைப் பொத்திக் கொண்டு குலுங்கினார்.

கவின் ஜீப்பில் இருந்து இறங்கி வந்தான். அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்தான்.

"அந்த ரூமு எனக்கு வேண்டாங்க்கா. என்ற பசங்க வெயில்லயே உக்காந்துக்கட்டும்."

நித்யஸ்ரீ அவன் தலையைத் தடவினாள். அவளுடைய போன் மறுபடி அலறியது. ஸ்காட்லாந்து. என்ன சொல்வது என்று தெரியாமல் அடிக்க விட்டாள்.

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தார். கைலாசம் கையை நீட்டினார், விலங்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தடவிப் பார்த்தபடி.

"ஒரு எழுத்துகூடத் தப்பாச் சொல்லலீங்களே மேடம்..." என்று முனகினார்.

சுகன்யா தொப்பியைச் சரி செய்து கொண்டாள்.

"அதான்யா விஷயமே! நூத்துக்கு நூறு வாங்கி ஃபெயிலான மொத ஆளு நீதான்!"