அப்பாவுக்கு ஒரு வாக்கியம்

மணிமொழி மிஸ் கொடுத்த வீட்டுப்பாடம் பார்ப்பதற்குச் சின்னதுதான். 'என்ஜாய்' என்ற சொல்லை வைத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். திங்கட்கிழமை எல்லாரும் எழுந்து நின்று படிக்க வேண்டும்.

"உண்மையா இருக்கணும்," என்றார் மிஸ். "பிடிக்கிறது வேற, என்ஜாய் பண்றது வேற. எனக்கு ஊட்டி பிடிக்கும். ஆனா நான் ஊட்டிக்குப் போனதே இல்ல. அப்ப ஊட்டியை என்ஜாய் பண்றேன்னு எழுதலாமா?"

"பொய் மிஸ்!" என்று ஐந்தாம் வகுப்பே கத்தியது.

ஹரிணி மூன்று வாக்கியங்களை மளமளவென்று எழுதிவிட்டாள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டுவது. தம்பி விஷ்ணுவுக்கு முறுக்கு. அம்மாவிடம் கேட்டதற்கு, "நீங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போனதும் ஒரு டீ குடிப்பேன் பாரு, அதான்," என்றார். ஹரிணிக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. ஆனாலும் உண்மை உண்மைதானே, எழுதிக்கொண்டாள்.

அப்பாவின் வரியில்தான் பேனா நின்றுவிட்டது. அப்பா எதை என்ஜாய் செய்கிறார்? அவளுக்குத் தெரியவில்லை. சொந்த அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதத் தெரியவில்லையே என்று அழுகையே வந்தது.

அப்பா செந்தில்நாதனுக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை. நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். மத்தியான ஷிப்ட் வாரத்தில் ஹரிணி பள்ளியிலிருந்து வருவதற்குள் அவர் போய்விடுவார். அவர் திரும்பி வரும்போது அவள் தூங்கியிருப்பாள். இந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் வந்து, சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பாவுக்காக ஏங்குவதாவது என்று மற்ற ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நெய்வேலிப் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள்.

நைட் ஷிப்ட் முடிந்து அப்பா படுத்துவிட்டால் வீடே வாயைப் பொத்திக்கொள்ளும். காலிங் பெல்லை அம்மா அணைத்துவிடுவார். குக்கர் விசில் அடிக்கக் கூடாது. மிக்ஸி ஓடக் கூடாது. விஷ்ணு முறுக்கைக் கடிக்காமல் வாயில் ஊறவைத்து ஊறவைத்தே தின்பான். ஒரு முறுக்குக்கு அரை மணி நேரம் ஆகும்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. ஹரிணிக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வந்துடட்டா?"

"அடி வாங்கப்போற! மனுஷன் ராவெல்லாம் கண்ணு முழிச்சிட்டு இப்பதான் தூங்கிக்கினு இருக்காரு," என்று அம்மா அவள் காதோரம் கிசுகிசுத்தார். அம்மாவுக்குச் சொந்த ஊர் பக்கத்து முத்தாண்டிக்குப்பம். கோபம் வந்தால் ஊர்ப்பேச்சும் கூடவே வந்துவிடும்.

அம்மா துணி காயப்போடப் பின்பக்கம் போனதும், ஹரிணி அறைக் கதவை ஒரு விரலால் தள்ளினாள். எழுப்பக் கூடாது, முகத்தையாவது பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள்.

அப்பா மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! தூங்கலையா?"

அப்பா திடுக்கிட்டு உதட்டில் விரலை வைத்தார். "மெதுவா! அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

"ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லடா. தூக்கம் வரல. அங்க ராத்திரி பூரா பெல்ட் சத்தம், மெஷின் சத்தம். இங்க வந்து படுத்தா காதுல ஒண்ணுமே விழல. வீட்ல நீங்க இருக்கீங்களா இல்லையான்னே தெரியல. ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் இப்படியே புரண்டுக்கிட்டுக் கிடப்பேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? எனக்காக மூணு பேரும் இவ்ளோ கஷ்டப்படுறீங்க. அந்தப் பய முறுக்கைக்கூடக் கடிக்கிறதில்ல. நான் தூங்கலைன்னு தெரிஞ்சா பாவம், எல்லாம் வீணாப் போச்சேன்னு நினைக்க மாட்டீங்க?"

ஹரிணி கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். "அப்பா, நீங்க எதை என்ஜாய் பண்றீங்க?"

"நீங்க என்ஜாய் பண்ணா போதும்டா அப்பாவுக்கு."

"இது செல்லாது. எல்லா அப்பாவும் இதையேதான் சொல்வாங்கன்னு மிஸ் முன்னாடியே சொல்லிட்டாங்க."

அப்பா சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு யோசித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறது, உங்கம்மா உங்களைத் திட்டுறது, அந்தச் சத்தமெல்லாம் எனக்குப் பிடிக்கும். பெல்ட் பக்கத்துல நிக்கும்போது அதைத்தான் நினைச்சுக்குவேன். ஷிப்ட் முடிஞ்சதும் அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவேன். நான் வந்ததும் நீங்க வாயை மூடிக்குவீங்க."

ஹரிணி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கதவுக்கு அந்தப் பக்கம், அப்பாவும் அவளைப் போலவே ஏங்கிக்கொண்டுதான் கிடந்திருக்கிறார்.

"அப்பா, இது பிடிக்கும்ங்கிறது மட்டும்தான். இன்னும் என்ஜாய் பண்ணல. இப்பவே எழுதினா பொய்யாயிடும். கொஞ்சம் இருங்க."

அவள் கூடத்துக்கு வந்தாள். "டேய் விஷ்ணு, கேரம் போர்டை எடு!" என்று ஒரே கத்தாகக் கத்தினாள்.

விஷ்ணு நடுங்கிப்போனான். பின்பக்கத்திலிருந்து அம்மா ஈரத் துணியோடு ஓடிவந்தார். "ஏண்டி, உனக்கு என்னா பைத்தியமா புடிச்சிருக்கு?"

ஹரிணி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா நம்பவில்லை. அறைப் பக்கம் திரும்பி, "ஏங்க, நெசமாவா?" என்றார்.

"நெசம்தான் புவனா," என்று உள்ளேயிருந்து ஒரு குற்றவாளிக் குரல் வந்தது.

அம்மா இடுப்பில் கை வைத்தார். "பன்னெண்டு வருஷம்ங்க! நைட் ஷிப்ட் வந்தாப் போதும், சட்னியைக் கையால அரைச்சுக்கினு கெடக்கேன் நானு!" அம்மாவின் கண் கலங்கியிருந்தது. கோபத்திலா, வேறு எதிலா என்று ஹரிணிக்குத் தெரியவில்லை. அம்மா நேரே சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டார்.

கேரம் காய்கள் சிதறின. "அழுகுணி ஆட்டம் ஆடாதக்கா!" என்று விஷ்ணு கூரை அதிரக் கத்தினான். "நீதான்டா அழுகுணி!" என்று ஹரிணியும் கத்தினாள். இருவரையும் சேர்த்து அம்மா திட்டினார். கொஞ்ச நேரம் கழித்து ஹரிணி அறைக்குள் எட்டிப்பார்த்தபோது, அப்பா வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவள் நோட்டை எடுத்து நான்காவது வாக்கியத்தை எழுதினாள். உடனே அப்பாவிடம் காட்ட வேண்டும் போல் இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. சாயங்காலம் வரை காத்திருக்கவும் முடியவில்லை.

அதனால் கூடத்தின் நடுவில் நின்று, வகுப்பில் படிப்பதுபோல் உரக்கப் படித்தாள். எங்கள் அப்பா எங்கள் சத்தத்தை என்ஜாய் செய்கிறார் என்று, தெரு முழுக்கக் கேட்கும்படி, ஆங்கிலத்தில்.

உள்ளே குறட்டை ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கேட்டது.